கவுன்சில் வேலையில ஈக்வாலிட்டி இம்பாக்ட் அசெஸ்மென்ட் ஒழுங்கா எழுதுறது எப்படி

பிரிட்டன்ல கவுன்சில்லயோ என்எச்எஸ் ட்ரஸ்ட்லயோ வேலை பாக்குற நம்மாளுங்க நிறைய பேருக்கு ஒரு நாள் இந்த வேலை தலையில வந்து விழும். மேனேஜர் ஒரு ஃபார்ம மெயில்ல தட்டிவிட்டு "அடுத்த வாரம் கேபினெட் மீட்டிங், அதுக்குள்ள ஒரு ஈஐஏ போட்டுக் குடுத்துடு"ன்னு சொல்லுவாங்க. ஈஐஏன்னா ஈக்வாலிட்டி இம்பாக்ட் அசெஸ்மென்ட், எடுக்கப்போற ஒரு முடிவு எந்தப் பிரிவு மக்களை எப்படி பாதிக்கும்னு முன்கூட்டியே பாத்து எழுதுற அறிக்கை. ஃபார்மைத் தொறந்து பாத்தா ஒன்பது கட்டம். வயசு, மாற்றுத்திறன், பாலின மாற்றம், திருமணம், கர்ப்பம்-மகப்பேறு, இனம், மதம் அல்லது நம்பிக்கை, பாலினம், பாலியல் நாட்டம். ஒன்பதுலயும் "பாதிப்பு எதுவும் இல்லை"ன்னு அடிச்சு அனுப்பிட்டா முடிஞ்சுதுன்னு தோணும், ஆனா விஷயம் கோர்ட்டுக்குப் போச்சுன்னா முதல்ல கிழியுறது அந்தப் பேப்பர்தான்.

இதுக்குப் பின்னாடி இருக்கிற சட்டத்தை முதல்ல சுருக்கமா பாத்துடுவோம், அது தெரியாம ஃபார்ம் நிரப்புறதுல அர்த்தமே இல்ல. ஈக்வாலிட்டி ஆக்ட் 2010, செக்‌ஷன் 149. பப்ளிக் செக்டர் ஈக்வாலிட்டி ட்யூட்டின்னு பேரு, ஆஃபீஸ்ல எல்லாரும் பிஎஸ்இடின்னு சொல்லுவாங்க. 2011 ஏப்ரல் 5ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுக்கு முன்னாடி இனத்துக்கு ஒண்ணு, மாற்றுத்திறனுக்கு ஒண்ணு (2006), பாலினத்துக்கு ஒண்ணு (2007)ன்னு தனித்தனியா கடமை இருந்துச்சு, அதையெல்லாம் ஒண்ணா சேத்ததுதான் இது. இனத்துக்கான முதல் கடமை வந்ததே ஸ்டீபன் லாரன்ஸ்ங்கிற கருப்பின இளைஞனோட கொலை கேஸ்ல போலீஸ் நடந்துக்கிட்ட விதத்தைப் பத்தி 1999ல வந்த மெக்ஃபர்சன் ரிப்போர்ட்டுக்கு அப்புறம்தான். அந்த ரிப்போர்ட் சொன்னது, ஒரு நிறுவனமே அதோட பழக்கவழக்கத்தால பாகுபாடு காட்டலாம்னு. அப்போ யாராவது வந்து புகார் குடுக்கிற வரைக்கும் காத்திருக்காம நிறுவனமே முன்கூட்டி யோசிக்கணும். மொத்த கடமையோட அடிப்படையும் இதுதான்.

சட்டம் கேக்குறது மூணு விஷயத்துக்கு உரிய கவனம் குடுக்கணும்னு. பாகுபாடு, தொல்லை, பழிவாங்குறது இதையெல்லாம் ஒழிக்கிறது ஒண்ணு. வெவ்வேற பிரிவு மக்களுக்கு நடுவுல சம வாய்ப்பை வளர்க்கிறது ரெண்டாவது. அவங்களுக்குள்ள நல்லுறவை வளர்க்கிறது மூணாவது. (திருமண நிலை மட்டும் முதல் விஷயத்துக்குத்தான் பொருந்தும், மத்த எட்டும் மூணுக்கும் பொருந்தும்.) நம்மாளுங்க அதிகமா கோட்டை விடுறது ரெண்டாவதுல. "நாங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி சேவை குடுக்குறோம், அதனால பிரச்சனை இல்ல"ன்னு எழுதுவாங்க பாருங்க, அது பதிலே இல்ல. சில பேருக்குத் தேவை வேற மாதிரி இருக்கும், அதைப் பாத்து சரி பண்ணணும்னு சட்டமே சொல்லுது, அதுவும் மாற்றுத்திறனாளிகளோட நிலைமையைத் தனியா கணக்குல எடுக்கணும்னு வார்த்தையாவே இருக்கு. ஒருத்தருக்குக் கொஞ்சம் கூடுதலா செய்ய வேண்டி வந்தாலும் வரும், அதையும் அந்த செக்‌ஷனே ஒத்துக்குது.

யாருக்கெல்லாம் இது பொருந்தும்னா, சட்டத்தோட ஷெட்யூல் 19ல ஒரு நீளமான லிஸ்ட் இருக்கு, கவுன்சில், என்எச்எஸ், போலீஸ், அரசுப் பள்ளிகள், மந்திரிகள்னு. லிஸ்ட்ல இல்லாத ஒரு தனியார் கம்பெனியோ தொண்டு அமைப்போ அரசு செய்ய வேண்டிய ஒரு பொதுப்பணியை எடுத்துச் செஞ்சா அந்த வேலைக்கு மட்டும் அவங்களுக்கும் பொருந்தும். ஆனா கான்ட்ராக்ட் குடுத்துட்டோம் இனி அவங்க பாடுன்னு கவுன்சில் கை கழுவ முடியாது, கடமை கவுன்சில் கிட்டயேதான் இருக்கும், அதனால டெண்டர் பேப்பர்லயே இதை எழுதிடணும்.

இப்ப வேலைக்கு வருவோம். உதாரணத்துக்கு உங்க கவுன்சில், ஹவுசிங், கவுன்சில் டாக்ஸ் இதுக்கெல்லாம் இருக்கிற நேரடி கவுன்ட்டரை மூடிட்டு எல்லாத்தையும் ஆன்லைனுக்கு மாத்தப் போறாங்கன்னு வச்சுக்கோங்க.

எப்ப ஆரம்பிக்கணும்

முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி. இது ஒண்ணை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டாலே பாதி கேஸ் ஜெயிச்ச மாதிரி. 2008ல லண்டன்ல ஈலிங் கவுன்சில்ல நடந்தது இதுக்கு நல்ல பாடம். சவுத்தால்ல 1979ல இருந்து இயங்குற சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்ங்கிற அமைப்பு, வீட்டு வன்முறையில மாட்டின ஆசிய, ஆஃப்ரிக்க-கரீபிய பெண்களுக்கு உதவி பண்றவங்க. கவுன்சில் அவங்களுக்குக் குடுத்துட்டு இருந்த காசை நிறுத்திட்டு அந்த கவுன்சில் பகுதி முழுக்க எல்லாருக்கும் பொதுவா ஒரே ஒரு சேவைன்னு கொள்கையை மாத்துச்சு, அசெஸ்மென்ட் முறைப்படி முன்னாடியே பண்ணல. ஹைகோர்ட்ல விசாரணை ரெண்டாவது நாளே கவுன்சில் பின்வாங்கிடுச்சு, ஆனாலும் ஜட்ஜ் விடல, தீர்ப்பு எழுதியே குடுத்தாரு. கொள்கையை வடிவமைக்கும்போதே அசெஸ்மென்ட் நடக்கணும், எல்லாருக்கும் பொதுவான சேவைதான் சமத்துவம்ங்கிறதும் தப்பு, குறிப்பிட்ட மக்களுக்குன்னு தனி சேவை இருக்கிறது நல்லுறவுக்கு எதிரானதும் இல்லன்னு.

அதனால கவுன்ட்டர் விஷயத்துல "மூடுறதா வேணாமா"ன்னு பேச்சு ஆரம்பிக்கும்போதே உங்க ஃபைலும் ஆரம்பிச்சிருக்கணும். தேதி போட்டு வைங்க. முதல் டிராஃப்ட் எப்ப, யார் படிச்சாங்க, என்ன மாத்தினாங்கன்னு. மெயில்களை டெலீட் பண்ணாதீங்க. முடிவு ஆனதுக்கு அப்புறம் தயாரான ஈஐஏன்னு தேதியே காட்டிக் குடுத்துடும்.

என்ன மாறப்போகுதுன்னு முதல்ல எழுதுங்க

கேட்டா சிரிப்பீங்க, ஆனா பாதி ஈஐஏல என்ன மாறுதுங்கிறதே இருக்காது. "டிஜிட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன் மூலம் வாடிக்கையாளர் அனுபவத்தை மேம்படுத்துதல்"னு ஒரு வரி இருக்கும். அப்படி எழுதினா யாருக்கும் எந்த பாதிப்பும் தெரியாது. "திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் தொறந்திருக்கிற கவுன்ட்டர் மூடப்படும். டாக்குமென்ட் காட்ட நேர்ல வர முடியாது, போட்டோ எடுத்து அப்லோடு பண்ணணும். போன் லைன் இருக்கும்"னு பச்சையா எழுதுங்க. எழுதின உடனே யாருக்கெல்லாம் கஷ்டம்னு கண்ணு முன்னாடி வந்துடும்.

டேட்டா

கவுன்ட்டருக்கு யார் வர்றாங்கங்கிற கணக்கு உங்க கிட்டயே இருக்கும். டோக்கன் சிஸ்டம், மொழிபெயர்ப்பாளர் புக்கிங், பிரிட்டிஷ் சைகை மொழி கேட்டவங்க, பெரிய எழுத்துல லெட்டர் கேட்டவங்க, புகார் ஃபைல். அப்புறம் 2021 சென்சஸ். அதுல முதல் தடவையா பாலியல் நாட்டம், பாலின அடையாளம் பத்தியும் கேட்டாங்க (16 வயசுக்கு மேல, விருப்பப்பட்டா பதில் சொல்லலாம்).

சென்சஸ்ல நம்ம ஆளுங்களுக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு, கொஞ்சம் நின்னு பாக்கணும். இனம்ங்கிற கேள்வியில தமிழ்னு தனி டிக் கட்டம் கிடையாது. இந்தியால இருந்து வந்தவங்க பெரும்பாலும் "இந்தியர்"ங்கிற கட்டத்துல போயிடுவாங்க, இலங்கைலேர்ந்து வந்தவங்கள்ல நிறைய பேரு "வேற ஆசியர்"னு போயிடுவாங்க. அதனால இன டேபிளை மட்டும் எடுத்து வச்சா ஒரு வார்டு முழுக்க தமிழ் வயசானவங்க இருந்தாலும் உங்க ரிப்போர்ட்ல அவங்க காணாமப் போயிடுவாங்க. முதன்மை மொழி டேபிளையும், இங்கிலீஷ் எவ்வளவு நல்லா பேசுவாங்கங்கிற டேபிளையும் சேத்து எடுங்க. சோமாலி, குர்தி பேசுறவங்களுக்கும் இதே கதைதான்.

சரி, டேட்டா இல்லன்னா? இல்லன்னு எழுதிட்டுப் போயிட முடியாது. சவுத் வேல்ஸ் போலீஸ் முகத்தை அடையாளம் காணுற கேமராவை ரோட்டுல ஓட்டிப் பாத்தாங்க, பிரிட்ஜஸ்னு ஒருத்தர் கேஸ் போட்டாரு, 2020 ஆகஸ்ட்ல கோர்ட் ஆஃப் அப்பீல் போலீசுக்கு எதிரா தீர்ப்பு குடுத்துச்சு. அந்த சாஃப்ட்வேர் கருப்பினத்தவங்களையோ பெண்களையோ தப்பா அடையாளம் காட்டுதான்னு போலீஸ் சொந்தமா சரிபார்க்கவே இல்ல, தயாரிச்ச கம்பெனி வணிக ரகசியம்னு உள்விவரத்தைக் குடுக்கல. அது போதாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. வெண்டர் சொன்னதை நம்பிட்டோம்ங்கிறது உரிய கவனம் இல்ல. நீங்க புதுசா ஒரு ஆன்லைன் சிஸ்டமோ ஏஐ டூலோ வாங்குறீங்கன்னா ஸ்க்ரீன் ரீடர்ல (பார்வையில்லாதவங்களுக்குத் திரையில இருக்கிறதை வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர்) வேலை செய்யுதா, யாரோட போட்டோவை அடிக்கடி ரிஜெக்ட் பண்ணுதுன்னு வாங்குறதுக்கு முன்னாடியே சோதிச்சுப் பாருங்க, பாத்ததை எழுதி வைங்க.

மக்கள் கிட்ட பேசுறது

இங்கிலாந்துல பிஎஸ்இடிக்காகவே கட்டாயம் கன்சல்டேஷன் நடத்தணும்னு சட்டத்துல நேரா எழுதல, ஆனா தகவல் போதாதப்போ பேசாம எப்படி உரிய கவனம் குடுத்தீங்கன்னு கேட்டா பதில் இருக்காது. நடத்துறதுன்னு ஆயிட்டா ஒழுங்கா நடத்தணும். 1985ல கன்னிங்னு ஒரு கேஸ்ல வந்த நாலு விதிதான் இன்னைக்கும் ஓடுது. முடிவு இன்னும் உருவாகிட்டு இருக்கும்போதே கேக்கணும், புரிஞ்சு பதில் சொல்ற அளவுக்குத் தகவல் குடுக்கணும், போதுமான நேரம் குடுக்கணும், வந்த பதிலை மனசாட்சியோட எடுத்துப் பாக்கணும். ஆன்லைனுக்கு மாத்துறதைப் பத்தி ஆன்லைன்ல மட்டுமே சர்வே வைக்கிற கூத்து எல்லா ஊர்லயும் நடக்குது, தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. கவுன்ட்டர் வரிசையில நிக்கிறவங்க கிட்டயே போய் ரெண்டு வார்த்தை கேளுங்க, அதுதான் நல்ல எவிடன்ஸ்.

கட்டத்துக்குள்ள எழுதுறது

இப்ப வயசுங்கிற கட்டத்தை எடுப்போம். வழக்கமா வர்றது இது: "வயது: பாதிப்பு இல்லை. சேவை எல்லா வயதினருக்கும் கிடைக்கும்."

எழுத வேண்டியது இந்த மாதிரி: "கவுன்ட்டருக்கு வர்றவங்கள்ல 65 வயசு தாண்டினவங்க பங்கு, போன்லயும் ஆன்லைன்லயும் வர்றவங்களை விட அதிகம் (டோக்கன் கணக்கு இணைப்புல). நேர்ல பேசினப்போ நிறைய பேரு ஸ்மார்ட்போன் இல்ல, மகனோ மகளோ வந்தாத்தான் ஃபார்ம் போட முடியும்னு சொன்னாங்க. தனியா இருக்கிறவங்களுக்கு அதுவும் வழியில்ல. இங்கிலீஷ் தெரியாத வயசான பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம். அதனால பாதிப்பு இருக்கு, பெருசுதான். குறைக்க வழி: ரெண்டு லைப்ரரியில வாரத்துல குறிப்பிட்ட நாள் ஆள் வச்சு உதவி, போன் லைன்ல மொழிபெயர்ப்பு, வீட்டை விட்டு வர முடியாதவங்களுக்கு வீட்டுக்கே போறது. லைப்ரரி உதவிக்கு இந்த பட்ஜெட்ல காசு ஒதுக்கியிருக்கு, வீட்டுக்குப் போறதுக்கு இன்னும் ஒதுக்கல."

கடைசி வரியைப் பாருங்க. காசு ஒதுக்கலன்னா ஒதுக்கலன்னு எழுதணும். "பாதிப்பைக் குறைக்க உரிய நடவடிக்கை எடுக்கப்படும்"னு மொட்டையா எழுதுறது எனக்குக் கண்ணுல மிளகாய் பட்ட மாதிரி எரியும், யார் எடுப்பா, எப்ப, எந்தக் காசுலன்னு ஒண்ணும் இருக்காது. அப்புறம் ஒருத்தர் ஒரே நேரத்துல வயசானவர், பெண், இங்கிலீஷ் தெரியாதவர்னு மூணு கட்டத்துலயும் இருப்பாங்க, ஃபார்ம் தனித்தனியா கேட்டாலும் நீங்க சேத்து எழுதலாம்.

மாற்றுத்திறன் கட்டத்துல ஒரு எச்சரிக்கை. ரீசனபிள் அட்ஜஸ்ட்மென்ட், அதாவது மாற்றுத்திறனாளிக்கு ஏத்த மாதிரி நியாயமான மாற்றம் பண்ற கடமை தனி, அது செக்‌ஷன் 20ல வருது, ஈஐஏ எழுதிட்டதால அது தீர்ந்துடாது. பாலினம், பாலின மாற்றம் ரெண்டும் தனித்தனி கட்டம். பாலினம்னா இந்தச் சட்டத்துல பிறப்பால வர்ற பாலினம்னு 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, ஆனா பாலின மாற்றம் பண்ணவங்களுக்கான பாதுகாப்பு அப்படியேதான் இருக்கு, ஒண்ணை எழுதி இன்னொண்ணை விட்டுடாதீங்க.

சாதி எங்க வரும்னு கேப்பீங்க. தனிக் கட்டம் இல்ல. சாதியையும் இனத்தோட ஒரு பகுதியா சேக்கணும்னு 2013ல பார்லிமென்ட் அரசாங்கத்தை நிர்ப்பந்திச்சுது, 2018ல அரசாங்கம் சேக்க மாட்டோம், கோர்ட் தீர்ப்புகளே போதும்னு சொல்லிடுச்சு. 2014ல எம்ப்ளாய்மென்ட் அப்பீல் ட்ரிப்யூனல், சாதி சில சமயம் இன வம்சாவளிங்கிறதுக்குள்ள அடங்கலாம்னு சொன்னதைத்தான் சொல்றாங்க. அதனால உங்க சேவையில அது நிஜமா ஒரு விஷயம்னா இனம்ங்கிற கட்டத்துல தயங்காம எழுதுங்க. வெள்ளைக்கார மேனேஜருக்கு இது தோணவே தோணாது, நமக்குத் தோணும், அப்ப எழுத வேண்டியதும் நாமதான்.

முடிவெடுக்கிறவங்க கண்ணுல படணும்

நீங்க எவ்வளவு அருமையா எழுதினாலும் கவுன்சிலர்கள் படிக்கலன்னா கடமை நிறைவேறல. கடமை அவங்களுது, ஆஃபீசர் அவங்களுக்காக நிறைவேத்திட முடியாது. 2007ல ஹாரோ கவுன்சில் 18 வயசு தாண்டினவங்களுக்கான சமூகப் பராமரிப்பை ரொம்ப அவசரமானவங்களுக்கு மட்டும்னு சுருக்கினாங்க. மாற்றுத்திறன் சட்டத்தோட முரண்பாடு வரலாம்னு ரிப்போர்ட்ல லேசா தொட்டுட்டு விட்டுட்டாங்க, இப்படி ஒரு கடமை இருக்குன்னு கவுன்சிலர்களுக்கு ஒழுங்கா சொல்லவே இல்ல. கோர்ட் முடிவையே ரத்து பண்ணிடுச்சு. அதனால முக்கியமான பாதிப்பை ரிப்போர்ட்டோட உடம்புலயே ரெண்டு பாராவுல எழுதுங்க, முழு ஈஐஏவையும் இணையுங்க, "பாதிப்பு ஓரளவு"ன்னு பூசி மெழுகாதீங்க. மீட்டிங்ல யாராவது கேள்வி கேட்டா அது மினிட்ஸ்ல வரணும்.

அப்படிப் பண்ணாலும் கவுன்ட்டரை மூடிடுவாங்களான்னா, மூடலாம். இந்தச் சட்டம் யோசிக்கத்தான் சொல்லுது, இன்ன முடிவுதான் எடுக்கணும்னு சொல்லல. இன்டிபென்டன்ட் லிவிங் ஃபண்ட்னு கடுமையான மாற்றுத்திறன் உள்ளவங்களுக்கு ஒரு நிதி இருந்துச்சு. மூடுற முடிவை 2013 நவம்பர்ல கோர்ட் ஆஃப் அப்பீல் ரத்து பண்ணிச்சு, மந்திரிக்குப் பாதிப்போட தீவிரம் சரியா எடுத்துச் சொல்லப்பட்டதுக்கு ஆதாரம் இல்லன்னு. எல்லாரும் கொண்டாடினாங்க. 2014 மார்ச்ல அரசாங்கம் இந்த தடவை ஒழுங்கா அசெஸ்மென்ட் பண்ணி அதே முடிவை மறுபடியும் எடுத்துச்சு, 2015 ஜூன் 30ல நிதி மூடியாச்சு. கசப்பா இருக்கும், ஆனா இதைத் தெரிஞ்சுக்கிட்டு வேலை பாக்குறது நல்லது, உங்க கையில இருக்கிறது பாதிப்பைக் குறைக்கிற அந்த வரிகள்தான், லைப்ரரியில ஆள் வைக்கிறது மாதிரி. அதுக்கு சண்டை போடுங்க.

மூடின அப்புறமும் கடமை ஓடிட்டே இருக்கும். ஆறு மாசம் கழிச்சு யார் போன் பண்றாங்க, யார் காணாமப் போனாங்கன்னு பாத்து ஈஐஏவை அப்டேட் பண்ணணும். ஒரு மறுஆய்வு தேதியும், பொறுப்பான ஆளோட பதவியும் கடைசிப் பக்கத்துல போடுங்க.

வருஷாந்திர வேலைகள் வேற இருக்கு, வேகமா சொல்லிடுறேன். இங்கிலாந்துல மார்ச் 30க்குள்ள வருஷா வருஷம் சமத்துவத் தகவல் வெளியிடணும், நாலு வருஷத்துக்கு ஒரு தடவையாவது குறிக்கோள்கள் போடணும், 150 பேர் அல்லது அதுக்கு மேல ஊழியர்கள் இருந்தா ஊழியர் தகவலும் வெளியிடணும், 250 பேர் அல்லது அதுக்கு மேலன்னா ஆண்-பெண் சம்பள வித்தியாசமும். ஈஐஏங்கிற ஃபார்ம் இங்கிலாந்துல சட்டப்படி கட்டாயம் இல்ல, யோசிச்சதுக்கு ஆதாரமாத்தான் எல்லாரும் வச்சிருக்காங்க. வேல்ஸ்லயும் ஸ்காட்லாந்துலயும் அசெஸ்மென்ட் கட்டாயம், அதோட சமூக-பொருளாதார ஏற்றத்தாழ்வையும் பாக்கணும் (ஸ்காட்லாந்துல 2018ல இருந்து, வேல்ஸ்ல 2021ல இருந்து). வட அயர்லாந்துல இந்த ஆக்ட்டே கிடையாது, அதுக்குப் பதிலா 1998 வட அயர்லாந்து சட்டத்தோட செக்‌ஷன் 75, அரசியல் கருத்து கூட அதுல ஒரு பிரிவு.

நீங்க ஊழியர் இல்ல, பாதிக்கப்படப் போற குடியிருப்பாளர்னா இதையே திருப்பிப் போட்டுப் பயன்படுத்தலாம். கடமையை மீறினாங்கன்னு நஷ்டஈடு கேட்டுத் தனியா கேஸ் போட முடியாது, ஜுடிஷியல் ரிவ்யூதான் (முடிவு சட்டப்படி எடுத்ததான்னு கோர்ட் பாக்குறது) வழி, அதுக்கும் தாமதிக்காம, அதிகபட்சம் மூணு மாசத்துக்குள்ள போகணும். இன்ஃபர்மேஷன் கேட்டு மனு போட்டா பதிலுக்கு 20 வேலை நாள் எடுக்கும், அதனால நாளை ஓட்டிடாதீங்க. ஈக்வாலிட்டி அண்ட் ஹியூமன் ரைட்ஸ் கமிஷனுக்கும் எழுதலாம், அவங்க 2020ல ஹோம் ஆஃபீஸே (உள்துறை அமைச்சகம்) இந்தக் கடமையை மீறிடுச்சுன்னு சொன்னவங்க, ஆனா தனி கேஸை எடுக்கிறது அபூர்வம். எல்லாத்தையும் விட சுலபமானது, இங்கிலாந்துல கவுன்சில் மீட்டிங் பேப்பர்களை அஞ்சு வேலை நாளைக்கு முன்னாடியே பொதுவுல வைக்கணும். வெப்சைட்ல போய் அந்த ரிப்போர்ட்டைத் தொறங்க, ஈஐஏ இணைப்பு இல்லன்னாலோ ஒன்பது கட்டத்துலயும் "பாதிப்பு இல்லை"ன்னு இருந்தாலோ அன்னைக்கே உங்க வார்டு கவுன்சிலருக்கு ஒரு மெயில் போட்டு, கவுன்சிலோட மானிட்டரிங் ஆஃபீசரையும் (கவுன்சில் சட்டப்படி நடக்குதான்னு பாக்குற அதிகாரி) சிசியில போடுங்க.